கரண்ட் வந்த பிறகு

2012-இல் கொங்கு வட்டாரத்தில் தொழில் நடத்தியவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் மின்வெட்டைத்தான் சொல்வார்கள். மாநிலத்துக்கு ஏறத்தாழ 4,000 மெகாவாட் பற்றாக்குறை. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகக் கரண்ட் இருக்காது. திருப்பூர் அதற்கு முந்தைய ஆண்டே அடிபட்டிருந்தது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது. துணிக்குச் சாயமேற்ற வெளியூருக்கு அலைந்துகொண்டு, டீசல் ஊற்றி மிஷின் ஓட்டிக்கொண்டு, ஷிப்மென்ட் தேதியைக் காப்பாற்றப் போராடிய காலம். ஜெர்மனியில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு மதியம் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை. பையர் கூப்பிடுவது அந்த நேரத்தில்தான். கரண்ட் போவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

நான் அப்போது கோவையில், அலுவலகங்களுக்கு டெலிபோன் போட்டுக் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் இருந்தேன். அலுவலகத்துக்குள் லைன்களை இணைக்கும் பழைய ஈ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிகளைக் கழற்றிவிட்டு, கணினி நெட்வொர்க்கிலேயே ஓடும் ஐ.பி. போன் மாட்டத் தொடங்கியிருந்தோம். பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்துக்கு வேறு யாரோ அப்படி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். மேஜைக்கு மேஜை புதுப் போன். கரண்ட் இருக்கும்வரை ஒரு குறையும் கிடையாது. போய்த் திரும்பி வந்தால்தான் வினை. சில போன்கள் உடனே எழும். சில தாமதமாக எழும். சில நாள்களில் பத்து நிமிடம் ஆனாலும் ஒன்றும் எழாது, வயரைப் பிடுங்கிச் சொருகினால்தான் வரும். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்போது ஒரு தடவை, ஈ.பி. கரண்ட் திரும்பும்போது இன்னொரு தடவை என்று ஒவ்வொரு மின்வெட்டுக்கும் இரண்டு முறை இந்த அவஸ்தை. "பழைய பொட்டியவே மாட்டிக் குடுத்துருங்க. எனக்கு இந்த வித்தையெல்லாம் வேண்டாங்க" என்று முதலாளி போனில் எங்களிடம் சொல்லிவிட்டார்.

அதைப் பார்க்கப் போனபோது என்னோடு வந்தவர் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கம். தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் சேர்ந்தவர். ஜெல்லி கேபிளின் ஜோடி நிறங்களை வரிசை தப்பாமல் சொல்வார். வயர்களை இணைக்கும் க்ரோன் மாட்யூலில் வயரைக் குத்தும்போது எழும் சத்தத்தை வைத்தே அது சரியாக உட்கார்ந்ததா என்று சொல்லிவிடுவார். திருப்பூர் பஸ்ஸில் போகும்போது அவர் என்னிடம் கேட்ட கேள்வியை இன்றுவரை நான் ஒரு நல்ல கேள்வியாக வைத்திருக்கிறேன்.

"தம்பி, இதுக்கு டயல் டோன் யாரு குடுக்கா?"

பழைய போனில் இதற்கு ஒரே பதில்தான். ரிசீவரை எடுத்தவுடன் சுற்று மூடுகிறது. எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்னோட்டம் ஓடுகிறது. அதைக் கண்டு எக்ஸ்சேஞ்ச் டோனை அனுப்புகிறது. ஆக, காதில் டோன் கேட்டால் வயரும் எக்ஸ்சேஞ்சும் பேட்டரியும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் மட்டும் பேசியது அந்த பேட்டரி அறையின் தயவால். அந்தப் போனுக்கு எழுந்திருப்பது என்ற வேலையே கிடையாது. ஐ.பி. போனில் டயல் டோனைப் போனே தனக்குள் உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் கால் சர்வர் உத்தரவு கொடுக்க வேண்டும். அந்தச் சர்வரைச் சென்றடைய அதற்கு முன் வேறு சிலரிடம் அது கேட்டுக்கொண்டு வர வேண்டும். நான் அப்படித்தான் சொன்னேன்: "போனே குடுத்துக்கும் அண்ணாச்சி. ஆனா அதுக்கு முந்தி நாலஞ்சு பேர்கிட்டக் கேட்டுட்டு வரணும்."

"யாராரு அந்த நாலஞ்சு பேரு?"

அவிநாசி தாண்டும்வரை சொல்லிக்கொண்டே போனேன்.

அலுவலகத்தில் எங்களுக்கு உதவியது எந்தக் கருவியும் அல்ல, ரிசப்ஷனில் இருந்த அக்காவின் நோட்டு. காங்கேயத்துக்காரர். எல்லா மேஜைகளிலிருந்தும் திட்டு அவருக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அதனால் ஒவ்வொரு முறை கரண்ட் வந்த பிறகும் இரண்டு மாடிக்கும் ஒரு நடை போய், எந்த எக்ஸ்டென்ஷன் திரையில் எந்த வரியோடு நிற்கிறது என்று எழுதிவைத்திருந்தார். அந்தக் காலத்துப் போன்கள் தாங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்பதைத் திரையில் காட்டும். கன்ஃபிகரிங் வி.லேன், கன்ஃபிகரிங் ஐ.பி., ஓப்பனிங், ரெஜிஸ்டரிங் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அக்கா அவற்றை 'வி', 'ஐ', 'ஓ', 'ரெ' என்று சுருக்கியிருந்தார். பக்கத்தில் நேரம். "எனக்கு அர்த்தம் தெரியாதுங்ண்ணா, ஆனா எல்லாம் ஒரே எடத்துல நிக்கறதில்லீங்க" என்றார். பழுதுபார்க்கிறவர் கேட்க விரும்புகிற முதல் தகவல் அதுதான். போன் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் ஆயிரம் பேர். எங்கே நின்றது என்று சொல்பவர் ஒருவர்.

போன் முதலில் கேட்பது மின்சாரத்தை. அந்த மேஜைப் போன்களுக்குத் தனி அடாப்டர் இல்லை. எல்லா நெட்வொர்க் கேபிள்களும் வந்து சேரும் ஸ்விட்ச் என்ற பெட்டிதான் அந்தக் கேபிளின் வழியே கரண்ட் கொடுக்கிறது. இதற்கான பொது விதி 802.3 ஏ.எஃப்., 2003-இல் வந்தது. ஸ்விட்ச் எடுத்த எடுப்பில் முழு மின்சாரத்தை அனுப்பாது. பத்து வோல்ட்டுக்குக் குறைவான சிறு அழுத்தத்தை அனுப்பி, எதிர்முனையில் ஏறத்தாழ 25 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் எதிரே இருப்பது மின்சாரம் கேட்கிற கருவி. இல்லையென்றால் வெறும் கணினி, அதற்கு ஒன்றும் அனுப்பக் கூடாது. அதே கேபிளை லேப்டாப்பில் தவறிச் சொருகினாலும் எரியாமல் இருப்பது இதனால்தான். அடையாளம் தெரிந்த பிறகு 48 வோல்ட் அளவில் மின்சாரம் போகும்.

"நாப்பத்தெட்டா?" என்று அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது நம்ம பேட்டரி ரூம் கணக்குல்லா!"

அதே கணக்குதான். நேர்மின்னழுத்தம் 60 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கை பட்டாலும் ஆபத்து குறைவு. மெல்லிய வயரில் நெடுந்தூரம் போகவும் வேண்டும். இரண்டு காலத்து ஆட்களும் ஏறத்தாழ ஒரே எண்ணில் வந்து நின்றிருக்கிறார்கள். ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரும். நூறு மீட்டர் கேபிளில் ஆகும் இழப்பு போகப் போனுக்கு 12.95 வாட் உறுதி. 24 போர்ட் ஸ்விட்ச்சில் எல்லாப் போர்ட்டுக்கும் முழுதாகக் கொடுத்தால் ஏறத்தாழ 370 வாட். அந்த ரகப் பெட்டிகளில் பலவற்றின் விவரத்தாளில் அந்த எண்ணைப் பார்க்கலாம்.

அண்ணாச்சிக்கு உடனே அடுத்த கேள்வி பிறந்தது. "அப்ப இந்த ஸ்விட்ச்சுக்கு பேட்டரி எங்க இருக்கு?" நாங்கள் ராக்கைத் திறந்து பார்த்தோம். இல்லை. கணினிகளுக்கெல்லாம் யு.பி.எஸ். இருந்தது. போன்களுக்குக் கரண்ட் கொடுக்கிற ஸ்விட்ச்சுகள் மட்டும் சுவரிலிருந்த சாதாரணப் பிளக்கில் இருந்தன. சேஞ்ச்ஓவர் லீவரைத் திருப்பும் அந்தச் சில நொடியில் ஸ்விட்ச் அணைகிறது, அதோடு சேர்ந்து எல்லாப் போனும் அணைகிறது. ஸ்விட்ச் தானே எழுந்து நிற்கச் சில நிமிடம் ஆகும். அதற்குப் பிறகுதான் போன்களுக்கு உயிர். முப்பது ஆண்டு பேட்டரி அறையைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது மன்னிக்க முடியாத குற்றமாகப் பட்டது. எனக்கும் அப்படித்தான். போனின் மின்சாரம் எங்கிருந்து வருகிறதோ அங்கே பேட்டரி இருக்க வேண்டும் என்பது நூறு ஆண்டுப் பழைய அறிவு. கேபிள் மாறியதால் அது மாறிவிடாது.

இரண்டாவது கேள்வி வி.லேன். ஒரே கேபிளில் கணினியும் போனும் இருக்கின்றன. போனுக்குள்ளேயே ஒரு குட்டி ஸ்விட்ச் உண்டு, கணினியின் வயர் போனின் முதுகில் சொருகப்பட்டிருக்கும். பேச்சையும் கோப்புகளையும் கலக்காமல் வைக்க, பேச்சைச் சுமக்கும் தகவல் பொட்டலங்களுக்கு (பாக்கெட்) ஓர் எண்ணை ஒட்டி அனுப்ப வேண்டும். அந்த எண் எது என்பதை ஸ்விட்ச்சே போனுக்குச் சொல்கிறது. நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் இதற்குத் தன் சொந்த வழி ஒன்றை வைத்திருந்தது. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான எல்.எல்.டி.பி. 2005-இல் வந்தது, அதில் போனுக்கென்று சேர்த்த பகுதி 2006-இல். அக்காவின் நோட்டில் 'வி' என்று ஒரு பக்கத்திலும் இல்லை. அந்த வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

நோட்டு முழுக்க 'ஐ' தான். அதாவது ஐ.பி. முகவரி கேட்கும் இடம்.

கண் விழித்த போனுக்குத் தன் பின்பக்க ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும் மேக் முகவரியைத் தவிர வேறொன்றும் நிச்சயமில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. ஆகவே எல்லோருக்கும் கேட்கும்படி ஓர் அழைப்பை விடுகிறது. திருவிழாக் கூட்டத்தில் வழிதவறிய பிள்ளை பெயர் சொல்லி யாரையும் கூப்பிடத் தெரியாமல் பொதுவாகக் கூவுவது போலத்தான். முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி. சர்வர் அதைக் கேட்டு, இந்த முகவரியை எடுத்துக்கொள்கிறாயா என்கிறது. போன் அதையே கொடு என்கிறது. சர்வர் சரி என்று முடிக்கிறது. நான்கே வார்த்தை. ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுதிய இந்த ஏற்பாடு 1993-இல் வந்து, 1997-இல் இன்றைய வடிவத்தை அடைந்தது. முகவரியோடு சேர்த்து, உனக்கான கோப்பு எந்தச் சர்வரில் இருக்கிறது என்பதையும் ஆப்ஷன் 150 என்ற இடத்தில் சொல்லிவிடுவார்கள். பதில் வராவிட்டால்? போன் நான்கு நொடி பொறுத்து மறுபடி கேட்கும், பிறகு எட்டு நொடி, பிறகு பதினாறு, இப்படி ஒரு நிமிடத்துக்கு மேல் வரை இடைவெளி வளர்ந்துகொண்டே போகும். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக வைத்த பொறுமை அது.

நோட்டைத் தரையில் விரித்துவைத்து இரண்டு பேரும் பார்த்தோம். மின்வெட்டு எதுவானாலும் இரண்டாம் மாடி மட்டும் 'ஐ'-யில் கொஞ்ச நேரம் நின்று பிறகு எழுகிறது. சில நாள்களில் மட்டும் கட்டடம் முழுக்க 'ஐ'-யில் நெடுநேரம் நிற்கிறது. இரண்டும் ஒரே எழுத்து. காரணம் ஒன்றாக இருக்க முடியாது.

இரண்டாம் மாடி எனக்குப் புரிந்தது. ஸ்விட்ச்சுகளை வளையமாக இணைத்துவிட்டால் பொட்டலங்கள் முடிவில்லாமல் சுழன்று நெட்வொர்க்கே நின்றுவிடும். அதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் 1985-இல் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையைக் கண்டுபிடித்தார். நெட்வொர்க் உலகில் நான் மிகவும் மதிக்கிற வேலைகளில் அது ஒன்று. பழைய முறைப்படி ஒரு போர்ட் உயிர் பெற்றதும் 15 நொடி கவனிக்கும், இன்னொரு 15 நொடி கற்றுக்கொள்ளும், அதன் பிறகே எதையும் உள்ளே விடும். எதிரே இன்னொரு ஸ்விட்ச் இருக்கலாம் என்ற எச்சரிக்கை. ஆனால் எதிரே இருப்பது போன் என்று நமக்குத் தெரிந்தால், அந்தப் போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிடலாம். தரைத்தள ஸ்விட்ச்சில் அந்த வரி இருந்தது. பின்னால் வாங்கிச் சேர்த்த இரண்டாம் மாடி ஸ்விட்ச்சில் இல்லை. போன் விடுத்த முதல் அழைப்புகள் அந்த முப்பது நொடிக் கதவில் முட்டி விழுந்தன. அடுத்த அழைப்புக்குள் போனின் இடைவெளி வளர்ந்துவிட்டது. ஆகவே தாமதம்.

கட்டடம் முழுக்க நின்ற நாள்களின் காரணத்தைக் கண்டுபிடித்தது அண்ணாச்சி. நோட்டிலிருந்த நேரங்களையும் வாட்ச்மேனிடமிருந்த ஜெனரேட்டர் டீசல் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஜெனரேட்டர் தாமதமாக எடுத்த நாள்களும் கட்டடம் முழுக்கப் போன் நின்ற நாள்களும் ஒன்று. "எவனோ ஒருத்தன் பேட்டரி தீந்து படுத்திருக்கான் தம்பி" என்றார். கணக்குப் பிரிவு அறையில் ஒரு சர்வர் இருந்தது. டி.எச்.சி.பி. அதில்தான் ஓடியது. அதற்கு யு.பி.எஸ். இருந்தது, ஆனால் பேட்டரி தளர்ந்துபோயிருந்தது. ஜெனரேட்டர் உடனே வந்தால் தாங்கும், சற்றுத் தாமதித்தால் சர்வரும் அணைந்துவிடும். அது திரும்ப எழுந்து முகவரி கொடுக்கத் தயாராவதற்குள் போன்கள் எழுந்து, கேட்டு, பதிலில்லாமல், நிமிடத்துக்கு ஒரு தடவை என்ற நிலைக்குப் போய்விட்டிருக்கும்.

வயரைப் பிடுங்கிச் சொருகினால் ஏன் சரியானது என்பதும் அப்போதுதான் தெளிந்தது. அதற்குள் சர்வர் எழுந்திருக்கும். போன் தன் நீண்ட இடைவெளிக்குள் மௌனமாக இருக்கும். பிடுங்கினால் முதலிலிருந்து தொடங்கி உடனே கேட்கும், உடனே பதில் கிடைக்கும். பார்ப்பவருக்குக் கைராசி போலத் தெரியும். ஆனால் சர்வர் எழுவதற்கு முன்பே பிடுங்கியவர்கள் ஒவ்வொரு முறையும் போனை ஆரம்பத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

முகவரி கிடைத்த பிறகு நடப்பதுதான் அண்ணாச்சியை மிகவும் பாதித்தது. போன் டி.எஃப்.டி.பி. என்ற மிக எளிய வழியில், 512 பைட் துண்டுகளாக, தனக்கான கோப்பை வாங்கிக்கொள்கிறது. கோப்பின் பெயர் எஸ்.இ.பி. என்ற மூன்றெழுத்தோடு போனின் மேக் முகவரி. சிஸ்கோ 1998-இல் வாங்கிய செல்சியஸ் சிஸ்டம்ஸ் என்ற டல்லாஸ் நிறுவனத்தின் ஈத்தர்நெட் போனிலிருந்து வந்த எழுத்துகள் அவை. எந்தக் கால் சர்வரிடம் போக வேண்டும் என்பது அந்தக் கோப்பில் இருக்கும். சர்வரோடு இணைப்பைத் திறந்து, நான் இன்ன மேக் என்று பதிவு செய்தவுடன், உன் எக்ஸ்டென்ஷன் 214 என்று சர்வர் சொல்கிறது. பிறகு முப்பது நொடிக்கு ஒரு முறை இருக்கிறேன், இருக்கிறேன் என்று போன் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

"அப்ப நம்பரு வயர்ல இல்லியா?"

இல்லை. காட்டுவதற்காகத் தரைத்தளத்து மெர்ச்சண்டைசர் ஒருவரின் போனைக் கழற்றி இரண்டாம் மாடியில் சொருகினேன். வரிகள் ஒவ்வொன்றாக ஓடி, அதே எண்ணோடு எழுந்தது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய முறையில் ஒருவர் மேஜை மாறினால் க்ரோன் பாக்ஸில் ஜம்பர் வயரை மாற்றிக் குத்தித்தான் எண்ணை மாற்றுவார்கள். இந்த ஜோடி இன்னார் வீடு என்று தெரு முழுக்க அவர் மனதில் வரைபடம் இருந்தது. அந்த அறிவுக்கு இனி இடமில்லை என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் அன்று அந்தக் கட்டடத்தின் பெரிய பழுதைப் பிடித்தது அந்த அறிவுதான். போன் ஒழுங்காகப் பேச வேண்டுமானால் அதற்குப் பின்னால் யார் யார் விழித்திருக்க வேண்டும் என்று அவர் கேட்டார். புதுப் போனை மட்டும் படித்த எங்களில் பலர் போனைத்தான் பார்த்தோம்.

செய்த வேலை சிறியது. ராக்குகளுக்கு யு.பி.எஸ். வைத்தோம். போன் ஒன்று உண்மையில் எடுப்பது ஆறேழு வாட்தான் என்பதால் அதிகச் செலவில்லை. இரண்டாம் மாடிப் போர்ட்டுகளுக்கு அந்த ஒரு வரியை எழுதினோம். முகவரி கொடுக்கும் வேலையைச் சர்வரிடமிருந்து எடுத்து, தரைத்தளப் பிரதான ஸ்விட்ச்சிடமே கொடுத்தோம். கேட்பவனுக்குக் கரண்ட் வரும்போது பதில் சொல்பவனும் விழித்திருப்பான். முதலாளியே லீவரைத் திருப்பினார். விளக்குகள் அணைந்தன, ஜெனரேட்டர் உறுமியது, ரிசப்ஷனில் ஓடிக்கொண்டிருந்த அழைப்பு அறுபடவில்லை. அவருக்கு அதுவே போதும் என்றிருந்தது. அண்ணாச்சி விடவில்லை. "யு.பி.எஸ். பேட்டரியும் ஒரு நா தீரும் சார், அப்ப என்ன ஆகும்னு இப்பவே பாத்துருவோம்" என்று எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். அணைத்துப் போட்டோம். அக்கா நோட்டோடு இரண்டாம் மாடிக்குப் போனார். இரண்டு மாடியும் சேர்ந்தே எழுந்தன.

அதற்குப் பிறகு எங்களிடம் எஸ்.ஐ.பி. போன்கள் வந்தன. 2002-இல் இறுதி வடிவம் பெற்ற அந்த முறையில் பதிவு கொஞ்சம் கண்டிப்பானது. போன் பதிவு கேட்டால் சர்வர் முதலில் 401 என்று மறுத்து, ஒரு புதிர் எழுத்துச் சரத்தைக் கொடுக்கும். கடவுச்சொல்லை அப்படியே அனுப்பாமல், அதையும் புதிரையும் சேர்த்து அரைத்த விடையைப் போன் திருப்பி அனுப்பினால்தான் 200 கிடைக்கும். பழுதுபார்க்க வருகிற இளைஞர்கள் அந்த 401-ஐப் பார்த்தவுடன் கடவுச்சொல் தவறு என்று முடிவு கட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் 401 மரியாதைக்கான மறுப்பு. இரண்டாவதும் 401 என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

ஒரு விஷயம் எனக்கு உண்மையாகவே வருத்தம். இன்று நான் பார்க்கும் போன்களில் பல தங்கள் கட்டங்களை வெளியே காட்டுவதில்லை. நிறுவனத்தின் சின்னம் ஒளிர்கிறது, காத்திருக்கவும் என்று ஒரு வரி, அவ்வளவுதான். உள்ளே அதே கேள்விகள் அதே வரிசையில்தான் கேட்கப்படுகின்றன. ஆனால் நோட்டில் எழுதிவைக்க ரிசப்ஷனில் இருப்பவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. திரை அழகாகட்டும் என்று அந்த வரிகளை எடுத்தவர்கள், அவற்றை யாரும் படிப்பதில்லை என்று எண்ணியிருப்பார்கள். காங்கேயத்து அக்கா படித்தார். நல்லவேளையாக, செட்டிங்ஸுக்குள் போனால் ஸ்டேட்டஸ் மெசேஜஸ் என்ற இடத்தில் அவை இன்னும் பதிவாகின்றன. புதிதாகப் போன் மாட்டிக் கொடுக்கும் அலுவலகத்தில், முன்மேஜையில் இருப்பவரை அழைத்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் அந்த இடம் வரும் என்று காட்டி, அவரையே ஒரு தடவை திறக்கவும் வைத்துவிட்டுத்தான் பில் கொடுக்கிறேன்.